ஆர்எக்ஸ் 100 டேங்க்: எலுமிச்சை உப்பில் ஊறப்போட்டு 14 மாதம் ஆகிறது

கோபியிலிருந்து மச்சான் நேற்று போன் செய்தான். "மாப்ள, அப்புச்சி வண்டி டேங்க்குல டார்ச் அடிச்சுப் பார்த்தேன், ஒரே துரு. கழுவறதா, வேற வாங்கறதா?"

என் அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கும் இப்படித்தான் தோட்டத்துச் சாளையில் ஆறு வருடம் நின்றது, டேங்கில் பாதி பெட்ரோலோடு. அந்தப் பாதிதான் வினை. பெட்ரோல் நின்ற மட்டம் வரை தகரம் ஓரளவு தப்பியிருந்தது. காற்று இருந்த மேல் பாதியில் ஈரம் படிந்து படிந்து செதில் செதிலாகத் துரு.

முதலில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றிவிட்டார்கள். துரு பாதி போனது, அடி ஜாயிண்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தது. அந்த ஆசிட் துருவோடு தகரத்தையும் தின்னும் என்று தெரியாமலா ஊற்றினார்கள்? இன்றும் ஆறவில்லை. சரி, ஏற்கெனவே அரித்திருந்த இடமாகவும் இருக்கலாம். பெட்ரோல் வாடை துளியும் இல்லாமல் கழுவிய பிறகே ஓட்டையைப் பற்றவைத்து அடைத்தோம். காலி டேங்கில் தங்கும் ஆவிதான் நெருப்பு பட்டால் வெடிக்கும்.

அப்புறம் நானே இறங்கினேன். பெட்ரோல் திறந்து மூடும் டேப்பைக் கழற்றி, அந்த ஓட்டையில் ரப்பர் அடைத்து, ஒரு கை நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கொட்டினேன். அரைக் கிலோ எலுமிச்சை உப்பை, அதான் சிட்ரிக் ஆசிட், சுடுதண்ணீரில் கரைத்து, வாய்வரை ஊற்றி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் கருப்பட்டிப் பாகு மாதிரி வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் புதுத் தகரம்! அப்படியொரு சந்தோஷம்.

சோடா உப்புத் தண்ணீரில் அலசி, டீ குடித்துவிட்டு வருவதற்குள் உள்ளே மஞ்சள் பூத்துவிட்டது. துரு நீங்கிய இரும்பு ஈரத்தோடு காற்று பட்டால் அவ்வளவுதான். மறுபடி ஊறப்போட்டேன். இந்த முறை அலசிய கையோடு புளோயர் காட்டி, இன்ஜினுக்கு ஊற்றும் டூ டி ஆயில் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டினேன்.

வண்டி அருமையாக ஓடுகிறது. ஆனால் பெட்ரோல் பில்டரை மட்டும் ஐந்து முறை மாற்றிவிட்டேன். ஜாயிண்ட் மடிப்பில் ஒளிந்திருக்கும் துருப்பொடி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. சத்தி ரோட்டில் பின்னால் லாரி வரும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்ன ஓட்டையான ஜெட் அடைத்து வண்டி நின்ற அன்று உயிரே போய்விட்டது.

மச்சானிடம் வேறு டேங்க் வாங்கச் சொல்லிவிட்டேன். "அப்ப நீ ஏன் வாங்கலை?" என்றான். என் டேங்கில் அப்பாவின் முழங்கால் பட்டுத் தேய்ந்த பெயிண்ட் இருக்கிறது. அவன் டேங்கிலும் அப்புச்சியின் தேய்மானம் இருந்தால் கழுவட்டும், கக்கூஸ் ஆசிட் மட்டும் வேண்டாம். இப்போது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் வடித்துவிட்டு ஆயில் விட்டு வைக்கட்டும்.