முதலில் விழக் கற்றுத்தரும் ஜூடோ வகுப்பு: ஒரு மதிப்புரை

ஒழுக்கம், பணிவு, தன்னடக்கம் ஆகிய சொற்கள் இல்லாத தற்காப்புக்கலை விளம்பரப் பலகையை நான் பார்த்ததில்லை. ஆனால் அச்சொற்கள் பயிற்சியின் எந்தக் கட்டத்தில், எந்த அசைவின் வழியாக மாணவரின் உடம்பில் இறங்குகின்றன என்று காட்டக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. தென்சென்னையில் இயங்கும் இந்த ஜூடோ பயிற்சிக்கூடத்தில், பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் பயின்றுவருபவன் என்ற முறையில், அத்தகைய இடங்களுள் ஒன்றாக இதைத் தயக்கமின்றிக் கூறுவேன். குறைகளும் இருக்கின்றன, அவற்றைப் பின்னர் எழுதுகிறேன்.

புதிதாகச் சேருபவருக்கு இங்கே தொடக்க வாரங்களில் உகேமி எனப்படும் விழும் பயிற்சி மட்டுமே அளிக்கப்படுகிறது. மோவாயை நெஞ்சோடு ஒட்டி வைத்துப் பின்தலை தரையில் படாமல் காத்து, முதுகை வளைத்து உருண்டு, தோளிலிருந்து உள்ளங்கை வரை முழுக்கையாலும் மேட்டை, அதாவது தரையில் விரித்த மெத்தை விரிப்பை, ஓங்கி அறைய வேண்டும். பிறகு பக்கவாட்டில் விழுவதும் முன்புறம் உருண்டு எழுவதும் வருகின்றன. விழும்போது கையை ஊன்றித் தடுக்கும் பழக்கத்தை உடம்பிலிருந்து நீக்குவதுதான் மிகக் கடினம். நீட்டிய கையின்மேல் உடல் எடை முழுவதும் இறங்குவதால்தான் பலருக்கு மணிக்கட்டு முறிகிறது. ஓடு உடைப்பதையும் உதைப்பதையும் எதிர்பார்த்து வந்த சிலர் இந்த வாரங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கோ, கட்டணத்தின் பெரும்பகுதிக்கு இது ஒன்றே ஈடாகும் என்று தோன்றுகிறது. தெருவில் ஒருவரோடு சண்டையிடும் நிலை நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வராது. குளியலறையிலோ, மழை நனைத்த மாடிப்படியிலோ கால் வழுக்குவது எவருக்கும் வரும். ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் ஜூடோ பயிற்சியை அடிப்படையாகக் கொண்டு முதியோருக்குப் பாதுகாப்பாக விழக் கற்பிக்கும் வகுப்புகளே நடக்கின்றன.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, ஜுஜுட்சு என்னும் ஜப்பானியத் தற்காப்புக்கலையின் பழைய மரபுகளான டென்ஜின் ஷின்யோ, கிட்டோ ஆகியவற்றைக் கற்றபின், 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில், வெறும் 12 பாய் விரித்த அறையில் கோடோகன் என்னும் தம் ஜூடோ பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். வாழ்நாள் முழுவதும் அவர் ஒரு கல்வியாளர்; ஆசிரியர்களை உருவாக்கும் உயர்கல்லூரிக்குத் தலைமை வகித்தவர். ஆற்றலை மிகச் சிறந்த முறையில் பயன்படுத்துவது, தானும் பிறரும் சேர்ந்து செழிப்பது என்ற இரண்டையும் அவர் ஜூடோவின் அடிப்படைக் கொள்கைகளாக வைத்தார். முதல் கொள்கைக்கு அவர் தந்த விளக்கத்தை எங்கள் மாஸ்டர் மேட்டின்மேலேயே செய்து காட்டுவார். எதிரியின் வலிமை 10, நம்முடையது 7 என்று கொள்வோம். எதிர்த்துத் தள்ளினால் தோற்போம்; அவர் தள்ளும் அளவுக்கே நாம் நிலைகுலையாமல் பின்வாங்கினால், அவர் முன்னால் சாய்ந்து சமநிலை இழந்து, அவருடைய வலிமை 3 ஆகிவிடுகிறது, நம்முடைய 7 அப்படியே இருக்கிறது. உடல் பெருத்த ஓர் இளைஞரை மெலிந்த ஒரு பெண்மணி இடுப்பில் ஏற்றி வீழ்த்துவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு இந்தக் கணக்கு வெறும் உவமையாகத் தோன்றாது.

ஆனால் இந்த வகுப்பை நான் பெரிதும் மதிப்பது இரண்டாவது கொள்கை இங்கே நடைமுறையாகும் விதத்துக்காகவே. ஒருவரைத் தூக்கி எறியும் அதே நொடியில், எறிபவர் விழுபவரின் சட்டைக் கையை விடாமல் பிடித்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். அப்போதுதான் விழுபவரின் உடல் சரியான பக்கத்தில் இறங்கும், தலை தரையில் மோதாது. எறிதல் எவ்வளவு அழகாக இருந்தாலும், பிடியை விட்டுவிட்டால் எங்கள் மாஸ்டர் அதைச் சரியான எறிதலாக ஏற்பதில்லை. மூத்த மாணவராக இருந்தாலும் மறுபடி செய்யச் சொல்கிறார். தரைப்பிடியில் சிக்கியவர் கையால் தட்டியதும் அக்கணமே விட்டுவிட வேண்டும் என்பதிலும் இதே கண்டிப்பு உண்டு. ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே, 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பள்ளிகளின் ஜூடோ பயிற்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். அந்த இறப்புகளில் பெரும்பாலானவை தலைக்காயத்தால் நேர்ந்தவை. 2012இல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலைகள் கட்டாயப் பாடமானபோது பெற்றோர் அஞ்சியதற்கு இதுவே காரணம். கொள்கை சுவரில் தொங்கினால் மட்டும் யாரையும் காக்காது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை. பிள்ளைகளை எந்தக் கூடத்தில் சேர்ப்பதானாலும், எறிபவர் கை விழுபவரின் சட்டையைப் பிடித்திருக்கிறதா என்று ஒரு வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ரண்டோரி என்னும் கட்டற்ற பயிற்சியில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணை மாறுகிறது. நம்மைவிட வலியவரிடம் விழுந்துவிட்டு, உடனே நம்மைவிட எளியவர் முன் நிற்க நேர்கிறது. தன் பலத்தை எவ்வளவு குறைத்துக்கொண்டால் எதிரில் நிற்பவரும் கற்க முடியும் என்று ஒவ்வொரு முறையும் எடைபோட வேண்டியிருக்கிறது. அன்றாட வாழ்க்கைக்குத் தற்காப்புக் கலை தரும் தத்துவம் என்று நான் நம்புவது இந்த எடைபோடுதலைத்தான். புதிதாகச் சேர்ந்த ஊழியரிடமும், கணக்குப் புரியாமல் நிற்கும் குழந்தையிடமும், கடையில் தயங்கிப் பேசும் முதியவரிடமும் நாம் வலியவராக நிற்கும் பொழுதுகள் ஒரு நாளில் எத்தனையோ உள்ளன. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் ஜப்பானின் அகியோ காமினாகாவை வென்ற நெதர்லாந்து வீரர் ஆன்டன் கீசிங்க், மகிழ்ச்சியில் மேட்டுக்கு ஓடிவந்த தம் நாட்டு ரசிகர்களைக் கையுயர்த்தித் தடுத்தார். தோற்றவர் இன்னும் மேட்டில்தான் இருந்தார். ஜூடோவை ஜப்பானியர் அல்லாத ஒருவர் முழுமையாகக் கற்றுவிட்டார் என்பதற்கு அவருடைய வெற்றியைவிட அந்தக் கையுயர்த்தலே எனக்குப் பெரிய சான்று.

இனிக் குறைகள். வாரக் கடைசி வகுப்பின் முடிவில் நடக்கும் நெடிய அறிவுரை உரை தேவையற்றது. அந்த நேரத்தையும் பயிற்சிக்கே கொடுத்தால், உரையில் சொல்லப்படுவது இன்னும் நன்றாகப் போய்ச் சேரும். சிறுவர் பிரிவில் பெல்ட் தேர்வுகள் அடிக்கடி வைக்கப்படுவதும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் வாங்கப்படுவதும் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த நிறத்தையே நினைத்துக்கொண்டிருக்கும் குழந்தை இணையின் சட்டையைக் கவனிப்பதில்லை. மேட்டுகள் சில இடங்களில் விலகி இடைவெளி விடுகின்றன, கால்விரல் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் இதை நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். உடை மாற்றும் அறை சிறியது.

மாதக் கட்டணம் சுற்றுவட்டார ஜிம்களை ஒட்டியே இருக்கிறது. ஜூடோ உடையை முதல் நாளே வாங்கும்படி வற்புறுத்துவதில்லை, இரவலாகத் தருகிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்களும் தாராளமாகச் சேரலாம்; கழுத்து, முதுகுத்தண்டுத் தொல்லையோ எலும்புத் தேய்மானமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வருவது நல்லது. நகங்களை வெட்டிக்கொண்டு, மோதிரத்தையும் சங்கிலியையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்; அவற்றோடு மேட்டில் ஏற மாஸ்டர் யாரையும் அனுமதிப்பதில்லை.