பெல்லட் அடுப்புப் புகையைச் சுவர் வழியே விடுவது: மலைவீட்டுக்கு எந்த முறை சரி?

டிசம்பர், ஜனவரியில் மூணாறுக்கு மேலே செண்டுவாரை, குண்டளை பக்கம் புல்லில் உறைபனி படியும். ஜூன் மழையிலும் குளிர் எலும்பைத் தொடும். அதனால் மின்சார ஹீட்டருக்குக் கரண்ட் பில் கட்டி அலுத்தவர்கள், வட்டவடை, சின்னக்கானல் பக்கம் விருந்தினர் அறை நடத்துகிறவர்கள் என்று சிலர் மரத்தூள் பெல்லட் அடுப்பைப் பற்றி, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன உருளைகளை எரிக்கும் அடுப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். அடுப்பு எவ்வளவு சூடு தரும், மூட்டை என்ன விலை என்பதெல்லாம் விவரமாகக் கேட்கிறார்கள். புகைக்குழாய் என்று வந்ததும், "சுவர்ல ஒரு ஓட்டை போட்டு வெளிய விட்டா போதாதா?" என்று முடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கவலை தருவது இந்தக் கேள்விதான். ஒரு ஓட்டையும் சின்னக் குழாயும் நல்ல நாளில் போதும். கரண்ட் போகும் இரவில் போதுமா என்று பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காரணம் அடுப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. விறகடுப்பில் சூடான புகை தானாக மேலே ஏறும், அந்த இழுவையில் அடுப்பு எரியும். பெல்லட் அடுப்பில் ஒரு மின்விசிறி எரிகுழியிலிருந்து புகையை இழுத்துக் குழாய்க்குள் தள்ளுகிறது. அதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, விசிறிக்கு அப்பால் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். இணைப்பில் ஊசித்துளை இருந்தாலும் புகை அறைக்குள் பீய்ச்சும். இரண்டு, கரண்ட் போனால் விசிறி நின்றுவிடும். புது பெல்லட் விழாது என்பது உண்மை. ஆனால் குழியில் ஏற்கெனவே கிடக்கும் பெல்லட் புகைந்துகொண்டே இருக்கும். அந்தப் புகை எந்தப் பக்கம் போகும் என்பதைக் குழாயின் வடிவம்தான் முடிவு செய்யும்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலை ஊரில், சுற்றுலா போன கேரளத்துக்காரர்கள் எட்டுப் பேர் தங்கிய அறையிலேயே இறந்துபோனார்கள். அதில் நான்கு பேர் குழந்தைகள். குளிருக்காக மூடிய அறையில் எரிந்த கேஸ் ஹீட்டர் அது, பெல்லட் அடுப்பு இல்லை. ஆனால் மூடிய அறை, குளிர் இரவு, தூங்குகிற விருந்தினர் எல்லாம் நம் ஊரிலும் அப்படியேதான்.

சரி, முறைகளுக்கு வருவோம்.

நேராகச் சுவரைத் துளைத்து வெளியே

அடுப்பின் பின்னால் குழாயைப் பொருத்தி, சுவர் தாண்டி ஓரடி நீட்டி, நுனியில் தொப்பி வைப்பது. குழாய் குறைவு, வேலை ஒரு நாளில் முடியும். பல மாடல்களின் கையேடு இதை அனுமதிக்கவும் செய்கிறது. விசிறி தள்ளுவதால் புகைக்கு உயரம் தேவையில்லை என்பது இதன் நியாயம்.

விசிறி நின்றால் அந்த நியாயமும் நின்றுவிடும். படுக்கையாகக் கிடக்கும் குழாயில் இயற்கை இழுவை கிட்டத்தட்ட இல்லை. எதிர்க்காற்று அடித்தால் புகை வந்த வழியே திரும்பி, பெல்லட் போடும் தொட்டி வழியாகவும் கதவு இடுக்கு வழியாகவும் அறைக்குள் கசியும். தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடப்பது நம் மலையில் யாருக்கும் புதிதில்லை. காற்று பலமாக அடிக்கும் இரவில்தான் கரண்டும் போகிறது. இரண்டும் சேர்ந்து வருவதை விதிவிலக்கு என்று தள்ள முடியாது.

சாம்பலும் ஒரு தொல்லை. பட்டை கலந்த பெல்லட்டில் சாம்பல் அதிகம், பறக்கும் சாம்பல் படுக்கைக் குழாயின் அடியில் படியும். வெளிச்சுவரில் கரித்தீற்று விழுவதும் இந்த முறையில்தான் அதிகம். வெள்ளைச் சுவர் ஒரே குளிர்காலத்தில் கறுத்துவிடும்.

யாரும் படுத்துத் தூங்காத கடை, அலுவலகம், பட்டறை போன்ற இடங்களில், இன்வெர்ட்டர் துணையும் இருந்தால் இதை ஒப்புக்கொள்ளலாம். படுக்கையறை உள்ள வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வெளியே போய், அங்கிருந்து மேலே

என் தேர்வு இதுதான். குழாய் சுவரைத் தாண்டியதும் ஒரு டீ இணைப்பு, அதாவது ஆங்கில T வடிவில் மூன்று வாய் உள்ள துண்டு. டீயின் அடிவாய்க்குக் கழற்றும் மூடி, மேல்வாயிலிருந்து குழாய் மேலே ஏறும். குறைந்தது மூன்றடி, முடிந்தால் ஐந்தடி. சுவரோடு கிளாம்ப் போட்டு நிறுத்தி நுனியில் மழைத்தொப்பி. விசிறி நின்றாலும் சூடான புகை அந்த உயரத்தில் தானாக ஏறும், எரிகுழியில் மிச்சம் இருப்பது அணையும்வரை இழுவை இருக்கும். சாம்பல் டீயின் அடியில் விழும். மூடியைக் கழற்றிக் கொட்டினால் ஆயிற்று.

குறை இல்லாமல் இல்லை. வெளியே நிற்கும் குழாய் குளிரும். ஒற்றைத் தகடாக இருந்தால் உள்ளே ஈரம் கோத்து கரியோடு சேர்ந்து கறுப்புத் தண்ணீராக வடியும், தகட்டையும் அரிக்கும். அதனால் இங்கே இரட்டைச் சுவர்க் குழாய் கட்டாயம்: உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நடுவில் காற்றிடைவெளி, வெளியே இன்னொரு தகடு. பெல்லட் அடுப்புக்கென்றே விற்பது இந்தக் குழாய்தான். உள்ளூரில் கிடைக்காமல் வரவழைக்க வேண்டியிருக்கும், செலவும் கூடும். "ஜி.ஐ. குழாய் போதும்ணே, நான் வெல்டு வச்சுத் தரேன்" என்று சொல்லும் வெல்டர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் செலவைக் குறைக்கக் கூடாத இடம் இது. சமையலறை சிம்னிக்குப் போடும் அலுமினிய மடிப்புக் குழாயும் பி.வி.சி.யும் பேச்சுக்கே இடமில்லை. பி.வி.சி. 80 டிகிரியை ஒட்டியே இளகிவிடும், அடுப்புப் புகை அதைவிட எவ்வளவோ சூடு.

உள்ளேயே ஏற்றி, உயரத்தில் வெளியே

அறைக்குள்ளேயே அடுப்பின் பின்னால் நாலைந்து அடி ஏற்றி, அங்கே சுவரைத் துளைத்து வெளியே விடுவது. குழாய் அறைச் சூட்டில் இருப்பதால் இழுவை சீக்கிரம் பிடிக்கும், ஈரம் கோக்காது. குழாயின் சூடும் கொஞ்சம் அறைக்கே கிடைக்கும். அடைமழை பெய்யும் ஊரில் இது பெரிய லாபம். முதலில் எனக்கும் மனம் இதன் பக்கம்தான் சாய்ந்தது.

இரண்டு விஷயங்கள் என்னை மாற்றின. அழுத்தத்தில் இருக்கும் இணைப்புகள் எல்லாம் தூங்குகிற அறைக்குள்ளேயே வருகின்றன. வெளியே கசிந்தால் சுவர் கறுக்கும், உள்ளே கசிந்தால் ஆளுக்கு ஆபத்து. அடுத்தது கணக்கு. பல தயாரிப்பாளர்கள் குழாயின் தடையை இப்படிக் கணக்கிடச் சொல்கிறார்கள்: படுக்கைக் குழாய் ஒவ்வோர் அடிக்கும் 1, நிற்கும் குழாய் அடிக்கு அரை, 90 டிகிரி எல்போவோ (வளைவுத் துண்டு) டீயோ ஒவ்வொன்றுக்கும் 5. மொத்தம் 15ஐத் தாண்டினால் 3 அங்குலக் குழாய் போதாது, 4 அங்குலம் வேண்டும். வெளியே ஏற்றும் முறையில் ஒரு டீ, இரண்டடி படுக்கை, ஐந்தடி உயரம் என்றால் 9.5. உள்ளே ஏற்றும் முறையில் டீயோடு ஓர் எல்போவும் சேர்வதால் அதே நீளத்துக்கு 14.5, எல்லையைத் தொட்டுவிடுகிறது.

நம் மலைக்கு இதில் இன்னொன்றும் உண்டு. உயரத்தில் காற்று மெல்லியது என்பதால், சுமார் 2,500 அல்லது 3,000 அடிக்கு மேல் உள்ள வீடுகளுக்கு நீளம் குறைவானாலும் 4 அங்குலக் குழாயே போடச் சொல்லும் கையேடுகள் பல. மூணாறும் காந்தலூரும் ஐயாயிரம் அடியை ஒட்டியவை. சமவெளிக் கடைக்காரர் 3 அங்குலக் குழாயைக் கட்டிக்கொடுத்தால், உங்கள் ஊரின் உயரத்தைச் சொல்லி மறுபடி கேளுங்கள்.

பலகை அடித்த சுவரில்லாமல், இணைப்புகளைச் சரியாக அடைக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் இந்த முறையும் நல்லதே.

கூரை வழியே விடலாமா என்று கேட்பார்கள். இழுவைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் தகரக் கூரையில் போட்ட துளை இந்த மழைக்கு ஒழுகாமல் நிற்பது கடினம். பழைய தோட்ட பங்களாவின் கல் புகைபோக்கி அகலமானது, உள்ளே தனிக் குழாய் இறக்காமல் அதில் விடக் கூடாது.

எந்த முறையானாலும் சுவரில் கவனிக்க வேண்டியவை

ஹாலோ பிளாக் சுவரில் கொத்தனார் குழாயைச் சுற்றிச் சிமென்ட் பூசி அடைத்துவிடுவார். சூட்டில் குழாய் நீளும், பூச்சு வெடிக்கும், பிறகு கழற்றவும் முடியாது. குழாய்க்கும் சுவருக்கும் நடுவே நிற்கும் உலோகக் கூடு ஒன்று உண்டு, திம்பிள் என்று கேட்டு வாங்க வேண்டும். மரப் பலகை அடித்த அறைகளில் இது உயிர்நாடி. குழாயிலிருந்து எரியக்கூடிய எதுவும் 3 அங்குலத்துக்குள் வரக் கூடாது என்று பல குழாய்களில் குறித்திருக்கும், சிலவற்றில் 1 அங்குலம். உங்கள் குழாயில் உள்ளதையே பின்பற்றுங்கள். இணைப்புகளுக்கு அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கான் வேண்டும், சாதாரண பாத்ரூம் சிலிக்கான் ஆகாது.

ஜன்னல் தூரத்துக்கு அமெரிக்கத் தீத்தடுப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 211ஐப் பின்பற்றலாம். விசிறி தள்ளும் புகைவாய், கதவு ஜன்னலுக்குப் பக்கவாட்டிலும் கீழேயும் 4 அடி தள்ளியோ, மேலே என்றால் 1 அடி உயரத்திலோ இருக்க வேண்டும். ஆட்கள் நடக்கும் பாதையோரம் என்றால் தரையிலிருந்து 7 அடி. நம் வீடுகளில் கூடுதலாக சன்ஷேடையும் பார்க்க வேண்டும். அதன் அடியில் புகைவாய் வந்தால் புகை தேங்கி ஜன்னலுக்குள்தான் நுழையும்.

எந்தப் பக்கச் சுவர்? ஜூனில் காற்று தென்மேற்கிலிருந்து, டிசம்பரில் வடகிழக்கிலிருந்து. ஆனால் பள்ளத்தாக்கும் மேடும் காற்றைத் திருப்பிவிடும். ஒரு துணி நாடாவைச் சுவருக்கு வெளியே கட்டி இரண்டு பருவமும் கவனித்தவர்களுக்கு இந்தப் பக்கம் என்று தானாகத் தெரியும்.

எரிவதற்கான காற்றை அறையிலிருந்து எடுப்பதா, வெளியிலிருந்தா? வெளியிலிருந்து எடுப்பதே மேல். சமையலறை எக்ஸாஸ்ட் ஓடும் வீட்டில் கதவுகளை மூடினால் அது அடுப்பின் புகையையும் இழுக்கப் பார்க்கும். குழாய்க்குள் குழாயாக வரும் மாடலில் ஒரே துளையில் இரண்டு வேலையும் முடியும்.

இன்வெர்ட்டர் கட்டாயம் வையுங்கள். பற்றவைக்கும்போதுதான் அடுப்பு 300, 400 வாட் கேட்கும், பிறகு விசிறிகளுக்குக் கொஞ்சம் போதும். ஆனால் இன்வெர்ட்டரை நம்பிக் குழாயின் உயரத்தைக் குறைக்க வேண்டாம். பேட்டரி தேயும், யாராவது பிளக்கை மாற்றிச் செருகுவார்கள். படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் இருக்கட்டும்.

நல்ல பெல்லட் என்றால் ஒரு டன் எரித்ததும் குழாயைச் சுத்தம் செய்வது வழக்கம், சாம்பல் மிகுந்த பெல்லட்டுக்கு இன்னும் சீக்கிரம். கோடையில் சும்மா கிடக்கும்போது தொப்பிக்குள் குளவி கூடு கட்டும். மழைக்கு முன் ஒருமுறை பாருங்கள்.

வேலை முடிந்ததும் ஆளை அனுப்பிவிடாதீர்கள். அடுப்பு நன்றாக எரியும்போது ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள், கசிவு இருந்தால் அதன் புகை கோடு கலையும். அப்புறம் ஜன்னலைத் திறந்து வைத்து, அலாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்வெர்ட்டர் இணைப்பையும் சேர்த்து அடுப்பின் கரண்டை நிறுத்துங்கள். குழியில் கங்கு அணையும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அறைக்குள் புகை வாடை வந்தால், கூலி கொடுக்கும் முன்பே குழாயை இன்னும் இரண்டடி உயர்த்தச் சொல்லிவிடுங்கள்.