பழைய வீவக வீடு வாங்குபவர்களே, குளியலறை சீலிங்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் குறைந்த விலையில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு வாங்கி, சரிசெய்து குடியேறலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கடைசிவரை படியுங்கள். யீஷூனில் மூவறை வீடு வாங்கிய எங்களை, விற்பவரின் முகவரும் அவர் கூட்டிவந்த ரெனவேஷன்காரரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்கள்.

எண்பதுகளில் கட்டிய வீடு அது. எங்கள் பணத்துக்கு அதிகம் தேடவும் வழியில்லை. வீட்டின் மீதமுள்ள குத்தகைக் காலம், வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயதாகும் வரை இல்லையென்றால் மசேநி (மத்திய சேமநிதி) பணத்தை முழுமையாகப் பயன்படுத்த முடியாது. ஒரு புளோக்கில் ஒவ்வொரு இனத்தவரும் இத்தனை வீடுகள்தான் வாங்கலாம் என்ற இன ஒதுக்கீடும் உண்டு. 'இந்தியர், மற்றவர்கள்' பிரிவின் ஒதுக்கீடு நிரம்பிய புளோக் என்றால், அதே பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்து மட்டுமே நாம் வாங்கலாம். இப்படிக் கழிந்தது போக மிஞ்சிய சில வீடுகளில் ஒன்றுதான் இது.

முகவர் நம்மவர். முதல் நாளே என்னைத் "தங்கச்சி" என்றார். "பெயின்ட் அடிச்சாப் போதும், தங்கச்சி. பாத்ரூம்ல புது சீலிங்கே போட்டாச்சு. எப்படியும் வீவக ஆளு வந்து செக் பண்ணுவாங்க" என்று தைரியம் சொன்னார். எங்கள் ஆளைக் கூட்டிவந்து பார்க்கிறோம் என்று கேட்டபோதெல்லாம் வீட்டுக்காரர் ஊரில் இல்லை, சாவி இல்லை என்று தட்டிக்கழித்தார். பிறகு அவராகவே ஒரு ரெனவேஷன்காரரை அழைத்துவந்தார். அந்த ஆள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பெரிய வேலை ஒன்றுமில்லை என்றார்.

வீவக ஆள் வருவது உண்மைதான். ஆனால் அவர்கள் பார்ப்பது அனுமதியில்லாமல் சுவரை இடித்திருக்கிறார்களா என்பது போன்ற விஷயங்களை. ஒழுகல், துரு, விரிசல் எல்லாம் நம் பாடு. மறுவிற்பனை வீடு, இருக்கிற நிலையிலேயே கைமாறுகிறது. இது தெரியாத முகவர் இருக்கவே முடியாது.

சாவி வாங்கியபின் வேறொரு ரெனவேஷன்காரரை வைத்து, குளியலறையில் புது சீலிங் என்று போட்டிருந்த பிளாஸ்டிக் பலகையைக் கழற்றினோம். உள்ளே கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி நீண்ட கோடாகத் தெரிந்தது. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து ஈரம் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. துரு ஏறும்போது கம்பி உப்பும், அது கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். என் மகன் குளிக்கும் இடத்துக்கு நேர் மேலே அது தொங்கிக்கொண்டிருந்தது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

மேல்வீட்டு ஆன்ட்டியிடம் பேசியபோதுதான் முழு விவரமும் வந்தது. ஒழுகலைச் சேர்ந்து சரிசெய்யலாம் என்று அவரே முன்பு கேட்டிருக்கிறார். பழைய வீட்டுக்காரர் மறுத்துவிட்டு, பலகை போட்டு மூடியிருக்கிறார். அந்தப் பலகையைப் போட்டது யார் தெரியுமா? முகவர் எங்களிடம் கூட்டிவந்த அதே ஆள்! கைப்பேசியில் அவர் படத்தைக் காட்டியதும் ஆன்ட்டி அடையாளம் சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் இதைச் சரிசெய்ய வழி இருந்தது. மேல்வீட்டு ஒழுகலுக்கு வீவகவின் உதவித் திட்டத்தில் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்குக் கால்பங்கு போடலாம். நாங்கள் இப்போது அதற்குத்தான் விண்ணப்பித்திருக்கிறோம். மற்ற வேலைகளுக்கு முழுவதும் கைக்காசு. ரெனவேஷனுக்கு மசேநியைத் தொட முடியாது என்பதால், திடீரென்று வரும் இந்தச் செலவு குடும்பத்தையே ஆட்டிவிடுகிறது.

வீடு பார்க்கப் போகும்போது குளியலறை, சமையலறை சீலிங்கைத் துடைப்பக் கம்பால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்டால் கான்கிரீட் உள்ளே பெயர்ந்திருக்கலாம். பழைய வீட்டில் அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், புதுப் பலகை என்றால் ஏன் என்று கேளுங்கள். மேல்வீட்டுக் கதவையும் தட்டிப் பேசுங்கள். விற்பவரின் முகவர் சட்டப்படி உங்களுக்காகவும் சேர்த்து வேலை செய்ய முடியாது, அவர் எவ்வளவு பாசமாகப் பேசினாலும் சரி.

அப்புறம், ஆப்ஷன் (வீட்டை நமக்கே விற்பதாக விற்பவர் எழுதித் தரும் உறுதி) வாங்கியபின் முடிவெடுக்க 21 நாள் இருக்கிறது. அதற்குள் வீவகவில் பதிவுபெற்ற, நீங்களே தேடிப் பிடித்த ரெனவேஷன்காரரைக் கூட்டிப்போங்கள். பின்வாங்கினால் போவது ஆப்ஷன் கட்டணம் மட்டும், அது 1,000 வெள்ளியைத் தாண்டாது. வீட்டைத் திறந்து காட்ட மறுத்தால் அந்தப் பணத்தை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

முகவர்களைக் கண்காணிக்கும் சிஇஏவிடம் புகார் கொடுத்திருக்கிறோம், ஆன்ட்டியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.