பொரித்த பூண்டு: கடாயா, மைக்ரோவேவா, பாக்கெட்டா?

சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், பொரித்த பூண்டில் பாதி ருசி அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. எதில் பொரிப்பது என்ற கேள்விக்கும் அங்கிருந்துதான் பதில் தேட வேண்டும்: அந்த எண்ணெய் உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?

வேண்டுமென்றால் கடாய்தான். உரித்த பூண்டு 100 கிராம், கடலெண்ணெய் 150 மில்லி. பல்லை இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாமல் ஒரே கனத்தில் சீவுங்கள். நடுவில் பச்சை முளை இருந்தால் எடுத்துவிடுங்கள், கசக்கும். சீவியதை ஒருமுறை தண்ணீரில் அலசித் துணியில் ஒற்றி எடுத்தால் மேலே ஒட்டியிருக்கும் சர்க்கரை போய்விடும், சீக்கிரம் கருகாது. எண்ணெய் ஆறியிருக்கும்போதே பூண்டைப் போட்டுப் பிறகு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். காய்ந்த எண்ணெயில் போட்டால் ஓரம் கருகும், நடுவில் ஈரம் நிற்கும். ஆறியதும் சவசவ என்றாகிவிடும்.

சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்தால் பத்து நிமிடம் பிடிக்கும். முதலில் சடசடவென்று நுரை பொங்கும். சத்தம் அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். வெளிர் கோதுமை நிறம் வந்ததும் வடிகட்டிவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்" என்று நின்றால் கெட்டது. சல்லடையில் இருக்கும்போதே நிறம் இன்னும் ஒரு படி ஏறும். சூட்டோடு மூடி வைக்கவும் கூடாது, ஆவியில் நமத்துப்போகும்.

மைக்ரோவேவ் சின்ன அளவுக்கு வசதி. 50 கிராம் பூண்டும் அது மூழ்கும் அளவு எண்ணெயும் கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று நிமிடம். கிளறிவிட்டுப் பிறகு முப்பது முப்பது விநாடியாக. எண்ணெய் இதிலும் கிடைக்கும். ஆனால் சத்தமும் நிறமும் கதவுக்கு உள்ளே நடக்கின்றன. ஒரு சுற்று கூடினால் மொத்தமும் கசப்பு, எண்ணெயும் சேர்த்து.

பாக்கெட்டில் மொறுமொறுப்பு உண்டு, எண்ணெய் இல்லை. வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள்: சேர்மானங்களை எடையில் கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். மாவும் பாமாயிலும் பூண்டுக்குப் பக்கத்திலேயே நின்றால் பூண்டு விலைக்கு மாவு வாங்குகிறீர்கள். பிரித்ததும் சிக்கு வாடை வந்தால் திருப்பிக் கொடுங்கள். அவசரத்துக்கு ஃப்ரைடு ரைஸ் மேல் தூவ இது போதும்.

கொடைக்கானல் மலைப்பூண்டைப் பொரிக்காதீர்கள். அதன் காரமும் வாசமும் எண்ணெயில் அடங்கிவிடும். கொடுத்த காசு வீண். அதைக் குழம்புக்கு வையுங்கள்.

சத்துக் கணக்கில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பச்சைப் பூண்டு 100 கிராமில் சுமார் 59 கிராம் தண்ணீர், 149 கலோரி, 31 மில்லிகிராம் வைட்டமின் சி. பொரித்தால் தண்ணீர் போய் எண்ணெய் ஏறும், வைட்டமின் சி பெரும்பாலும் அழியும். பூண்டை நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்துதான், காரத்துக்கும் மருந்துக் குணத்துக்கும் காரணமாகச் சொல்லப்படும் அல்லிசின் உண்டாகிறது. சூட்டில் அந்த நொதி செத்துவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுச் சமைப்பது லேசாக வதக்கும்போது ஓரளவு உதவும். மொறுமொறுவென்று பொரித்த பிறகு அல்லிசினை எதிர்பார்க்க வேண்டாம். மருந்துக்கு என்றால் பச்சைப் பூண்டு, இது ருசிக்கு.

பூண்டு சாப்பிட்டால் வயிறு உப்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. உப்புசத்துக்குக் காரணமான ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் துணுக்கு விழாமல் வடித்த எண்ணெய் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், பொரித்த துண்டுகள் ஒத்துக்கொள்ளாது. பாக்கெட்டில் இவர்களுக்கு வழியே இல்லை.

சேமிப்பில் கவனம் தேவை. துண்டுகள் நன்றாக ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். பச்சையான அல்லது அரைகுறையாக வெந்த பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டு வெளியே வைத்தால், காற்றில்லாத அந்த இடம் உணவை நஞ்சாக்கும் பொட்டுலிசம் கிருமிக்குத் தோது. 1985இல் கனடாவின் வான்கூவரில் பலர் அப்படித்தான் நோயில் விழுந்தார்கள். ஃப்ரிட்ஜில் வைக்காத, எண்ணெயில் ஊறிய பூண்டுதான் காரணம். வாசத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.