கடலுக்கு வாங்கியது, கோத்தகிரியில் ஓடுகிறது: 7×50 பைனாகுலருடன் நீண்டகால அனுபவம்

பைனாகுலர் வாங்க நினைப்பவர்கள் கோத்தகிரியில் என்னிடம் முதலில் கேட்பது, "ஐயா, எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும்?" என்பதைத்தான். எங்கே நின்று பார்க்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரிந்தால்தான் மற்றதைப் பேச முடியும்.

நான் திருகோணமலைக்காரன். மீன்பிடி, பிறகு சரக்குக் கப்பல், கடைசியில் ஃபைபர் வள்ளத்தில் ஆறேழு பேரை ஏற்றித் திமிங்கிலம் காட்டும் ஓட்டம் என்று வாழ்க்கை கடலிலேயே போனது. மகளைக் கோத்தகிரியில் கட்டிக்கொடுத்தோம். அவள் புகுந்த குடும்பம் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் குடியேறியது. இப்போது நானும் அவர்களோடு இருக்கிறேன். கடலில் புழங்கிய சாமான்களில் கூட வந்தது இந்த ஜப்பான் பைனாகுலர் ஒன்றுதான்.

7×50 என்றால் ஏழு மடங்கு பெருக்கம், முன்கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர். பத்து மடங்குக் கண்ணாடியை வள்ளத்தில் பிடித்துப் பாருங்கள், கை நடுக்கமும் அலையின் ஆட்டமும் அதே பத்து மடங்காகும். தண்ணீர் மட்டும் மேலும் கீழும் ஓடும், திமிங்கிலம் அகப்படாது. இன்னொன்றும் உண்டு. 50-ஐ 7-ஆல் வகுத்தால் 7.1. கண் பக்கம் வெளிவரும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். என் வயதில் கண்மணி அவ்வளவு விரியாது, ஆகவே அந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு வீண் என்பார்கள். கணக்கு சரி. ஆனால் வட்டம் அகலமாக இருப்பதால்தான் வள்ளம் தூக்கிப்போடும்போது கண் சற்று விலகினாலும் காட்சி கறுத்துப் போவதில்லை. இதைக் கடையில் நின்று பார்த்து யாரும் உணர முடியாது.

கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் எங்கள் பக்கக் கடல் விடியற்காலையில் படுத்திருக்கும். துறைமுகத்தை ஒட்டியே ஆழ்கடல் பள்ளத்தாக்கு இருப்பதால் நீலத்திமிங்கிலமும் விந்துத்திமிங்கிலமும் கரைக்குக் கிட்ட வரும். கரையிலுள்ள கோணேசர் கோயில் மலையில் நின்றே ஊதலை, அதாவது திமிங்கிலம் மூச்சு விடும்போது மேலே எழும் நீர்ப்புகையைப் பார்த்தவர்கள் உண்டு. வள்ளத்தில் நின்றால் கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும், அடிவானம் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். ஆனால் நீலத்திமிங்கிலத்தின் ஊதல் 9 மீட்டர் வரை நேராக எழும். அடிவானத்துக்கு அப்பால் இருந்தாலும் அதன் உச்சி தெரியும். விந்துத்திமிங்கிலத்தின் ஊதல் தாழ்வாக, புதர் போல, முன்பக்கம் இடப்புறம் சாய்ந்து வரும். மூக்குத்துளை தலையின் இடது முனையில் இருப்பதால் அப்படி. எந்தத் திமிங்கிலம் என்று வள்ளத்தில் கூட வரும் பொடியன் கூவுவதற்கு முன்பே நான் வள்ளத்தைத் திருப்பியது இந்தச் சாய்வைக் கண்ணாடியில் பார்த்துத்தான். அடுத்து எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதும் அதைப் பொறுத்தது. நீலம் பத்து நிமிடத்தில் மேலே வரும். மற்றது அடியில் போனால் முக்கால் மணி நேரம், சில நேரம் அதற்கும் மேல்.

இந்தக் கண்ணாடியில் எனக்கு மிகவும் பிடித்த குணம், விளம்பரத்தில் யாரும் எழுதாதது. ஆயிரம் மீட்டரில் இதன் காட்சி அகலம் ஏறக்குறைய 130 மீட்டர், நூறு மீட்டரில் 13 மீட்டர். திமிங்கிலத்துக்கு நூறு மீட்டருக்குள் போகக் கூடாது என்பது எங்கள் நாட்டு விதி. இருபது மீட்டருக்கு மேல் நீளமான நீலத்திமிங்கிலம் பக்கவாட்டில் போகும்போது வட்டத்துக்குள் முழுதாக அடங்கினால் தூரம் சரி. வாலும் தலையும் வெளியே போய் முதுகு மட்டும் நிறைந்தால் எஞ்சினைத் தணிக்க வேண்டிய நேரம். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கோ அண்ணை" என்று கேட்பவர்களின் கையில் கண்ணாடியைக் கொடுத்துவிடுவேன். அதில் முதுகைப் பார்த்த பிறகு யாரும் திரும்பக் கேட்டதில்லை. மூச்செடுக்க மேலே வரும் ஒரு உயிரைத் துரத்தி நாம் ஒன்றும் அடையப் போவதில்லை.

குவியம் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி. ஒரு முறை என் கண்ணுக்கு வைத்துவிட்டால் கடலில் அதைத் தொடவே தேவையில்லை. நடுவில் குவியத்தைத் திருகும் உருளை கிடையாது என்பதால் உப்புத்தண்ணீர் நுழைய வழி குறைவு. உப்பு காய்ந்த கண்ணாடியைத் துணியால் துடைக்கவே கூடாது. முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு ஒற்றி எடுக்க வேண்டும். இதைச் செய்ததால் மேற்பூச்சு இன்றும் கீறல் இல்லாமல் இருக்கிறது.

கோத்தகிரிக்கு வந்த பின்தான் இதன் குறைகள் தெரிந்தன. லாங்வுட் சோலையில் பேரன், "தாத்தா, எல்லாம் கலங்கலா இருக்கு" என்றான். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் நாலு மீட்டரில் புதரில் உட்கார்ந்திருக்கிறது, இந்தக் கண்ணாடியோ அவ்வளவு கிட்டத்தில் குவியாது. குருவி கிளை மாறும் வேகத்துக்கு இரண்டு கண்ணையும் தனித்தனியாகத் திருகவும் முடியாது. எடையும் ஒரு கிலோவுக்குக் குறையாது. சோலைப் பறவைகளுக்கு 8×42 வாங்குங்கள், இதை வாங்காதீர்கள். சோலை இருட்டில் இதன் வெளிச்சம் அருமைதான், ஆனாலும் வேண்டாம்.

காட்டெருமைக்கு இது போதும், போதும் என்ன, வேறெதுவும் வேண்டாம். விடியலில் மஞ்சு விலகும்போது தேயிலைச் சரிவை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் மகள் பிள்ளைகளைப் பள்ளி வேனுக்கு இறக்குகிறாள். அரையிருட்டில் செடிக்கு நடுவே நிற்கும் கறுப்பு முதுகை வெறும் கண் தவறவிடும், இது தவறவிடாது.

உப்பைவிட மலை ஈரம்தான் பொல்லாதது. இங்கே தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. ஐப்பசியில் சுவரே வியர்க்கும். தோல் உறை ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சையை வளர்க்கும், அது இருந்தால் முதலில் தூக்கி எறியுங்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் ஜெல்லை வாணலியில் மெதுவாகச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். வெயில் அடிக்கும் நாளில் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள்.

உள்ளே ஈரம் படியாமலிருக்க நைட்ரஜன் அடைத்த கண்ணாடிதான், ஆனாலும் ரப்பர் வளையம் வயதாகித் தளர்ந்தது. உள்ளே மெல்லிய நூல் நூலாகப் பூஞ்சை. சமவெளியில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். பூஞ்சை போயிற்று, ஆனால் உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகம் (பிரிசம்) நகர்ந்து இரண்டு குழலும் இரண்டு திசை பார்த்தன. பத்து நிமிடத்தில் தலைவலி வந்தது. நைட்ரஜனும் திரும்ப நிரப்பவில்லை. வேறொருவர் நேர்ப்படுத்தித் தந்த பிறகுதான் பழைய காட்சி வந்தது. ஆகவே நேர்ப்படுத்தும் கருவியும் நைட்ரஜனும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.

பழைய 7×50 மலிவாகக் கிடைத்தால், பெரிய கண்ணாடிப் பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நூலோ புகைமூட்டமோ தெரியும். அடுத்து தூரத்து மின்கம்பியைப் பார்த்தபடி கண்ணாடியை முகத்திலிருந்து ஒரு சாண் விலக்குங்கள். இரண்டு வட்டத்திலும் கம்பி ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே நின்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.