சோபாவும் தப்பிச்சது, கருப்பி நகமும் தப்பிச்சது: உயரமான சைசல் போஸ்ட், எட்டு மாசத்துக்கு அப்புறம்

பூனை நகத்தால பிராண்டுறதுக்குன்னே விக்குற, சைசல்ங்கிற செடி நாருக் கயிறு சுத்துன தூண்தான் இந்த போஸ்ட். அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு கீழ சொல்றேன், மொதல்ல கதைய கேளுங்க.

எங்க பூனை கருப்பிக்கு ரெண்டு வயசு. தூங்கி எந்திரிச்சதும் நேரா சோபாவோட வலது கைப்பிடிகிட்ட போவா, முன்னங்கால் ரெண்டையும் எட்டுற வரைக்கும் மேல தூக்கி வச்சு முதுக நீட்டி பர்ர் பர்ர்னு இழுப்பா, அந்த சத்தத்துலதான் எங்களுக்கே முழிப்பு வரும். துணி நூல் நூலா தொங்கி உள்ள இருக்குற ஸ்பாஞ்ச் எட்டிப் பாக்க ஆரம்பிச்சிருச்சு.

இத பாத்துட்டு ஒரு சொந்தக்காரர், நகத்த எடுத்துடுப்பா ஒரே நாள் வேலைன்னார். நானும் ஏதோ நகம் வெட்டுற மாதிரி பெரிய சைஸ் வேலைன்னு நெனச்சு வெட் டாக்டர்கிட்ட கேட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லாம என் ஆள்காட்டி விரல பிடிச்சு கடைசி கணுவ தொட்டு, "டீகிளான்னா இந்த இடத்தோட வெட்டி எடுக்குறது, சம்மதமா?"ன்னாங்க. பூனைக்கு நகம் விரலோட கடைசி எலும்புலேர்ந்தே வளருதாம், அதனால நகம் திரும்ப வராம இருக்கணும்னா அந்த எலும்பையே எடுத்தாகணும், முன்னங்கால் ரெண்டுக்கும் சேத்து 10 விரல். பூனை நடக்குறதே விரல் மேலதான். வலி தங்கிப்போகலாம், லிட்டர் மண்ணுல (பூனை கக்கூஸ் போற தட்டுல இருக்குற மண்ணு) கால் வைக்கவே பயந்து தட்டுக்கு வெளிய போக ஆரம்பிக்கலாம், நகம் இல்லாத கோவத்துல பல்ல காட்டலாம். பிரிட்டன்ல இது சட்டப்படி குத்தம், நியூயார்க் மாநிலத்துல 2019லயே தடை பண்ணிட்டாங்க. ஒரு சோபாவுக்காக பத்து விரலான்னு வெக்கமா போச்சு, பேச்ச அதோட விட்டாச்சு.

அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க என் ஷாப்பிங். ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் வாங்கி கைப்பிடில ஒட்டுனேன், பூனைக்கு பாதத்துல பிசுபிசுன்னு ஒட்டுனா பிடிக்காது, நிஜமாவே வேலை செஞ்சுது, ஆனா கருப்பி இடது கைப்பிடிக்கு மாறிட்டா, கூடவே என் சட்டை ரெண்டு தடவ ஒட்டிக்கிச்சு. ஆரஞ்சு வாசனை ஸ்ப்ரே அடிச்சதுல வீட்ட விட்டு ஓடலாம்னு தோணுனது எனக்குத்தான். நகத்து மேல ஒட்டுற வினைல் கேப் நல்ல ஐடியாதான், நகத்தோட மேல் தோடு உதிரும்போது அதுவும் விழுந்துரும், சாதாரணமா 4லேர்ந்து 6 வாரம் தாங்கும், வலியும் கிடையாது. எங்காளு ரெண்டு நாள்ல கடிச்சு துப்பிட்டா. சாதுவான, வீட்டுக்குள்ளயே இருக்குற பூனைன்னா முயற்சி பண்ணி பாக்கலாம், வெளிய திரியுறதுக்கு வேணாம், மரம் ஏறவும் சண்டை வந்தா தப்பிக்கவும் நகம் வேணும்ல.

நடுவுல ஒரு குட்டி போஸ்டும் வாங்குனேன், முழங்கால் உயரம், மேல ஒரு பஞ்சு பந்து தொங்கும். ஒரே ஒரு தடவ கால வச்சா, அது அவ மேலயே சாஞ்சிருச்சு, அதுக்கப்புறம் அந்த பக்கம் திரும்பி கூட பாக்கல. பூனைக்கு போஸ்ட் பிடிக்காதுன்னு நெறைய பேர் சொல்றாங்கல்ல, பாதி பேர் வீட்டுல இதான் நடந்திருக்கும்னு நெனக்கிறேன். அவ பிராண்டுறது வம்புக்கு இல்ல. ஒடம்ப முழுசா நீட்டி சோம்பல் முறிக்கணும், நகத்தோட பழைய மேல் தோட கழட்டணும், பாதத்துல இருக்குற வாசனை சுரப்பிய தேச்சு இது என் எடம்னு எழுதி வைக்கணும். முழு பலத்தோட இழுக்கும்போது ஆடவே கூடாது, சோபா ஆடாது, அதான் சோபா பிடிச்சிருக்கு.

சரி, இந்த போஸ்டுக்கு வர்றேன். உயரம் 90 செ.மீ., கருப்பி முழுசா நீட்டுனாலும் மேல கொஞ்சம் மிச்சம் இருக்கு. அடிப்பலகை அகலம், கனம், தூக்கி வைக்குறப்ப இடுப்பு பிடிச்சிக்கிச்சு. சுத்தி இருக்குறது சைசல் நாரு, கார்ப்பெட் இல்ல. கார்ப்பெட் சுத்துன போஸ்ட் வாங்காதீங்க, அப்புறம் தரைல கிடக்குற கார்ப்பெட்டும் போஸ்டும் ஒண்ணுதான்னு அது நெனச்சா தப்பு யாரோடது?

மொதல்ல பால்கனி பக்கம் ஓரமா வச்சேன், மதிக்கல. சோபா கைப்பிடிய ஒட்டி வச்சு, கேட்னிப் (வாசனையால பூனைய குஷியாக்குற ஒரு செடி) கொஞ்சம் தேச்சு, கைப்பிடி மேல தடியான போர்வைய போட்டு மூடுனேன், நாலாவது நாள் காலைல சத்தம் போஸ்ட்லேர்ந்து வந்துச்சு. (கேட்னிப் எல்லா பூனைக்கும் ஏறாது, குட்டிங்களுக்கும் ஏறாது, அப்ப கயிறு பொம்மைய மேல ஆட்டி ஏற வைங்க. கால பிடிச்சு போஸ்ட்ல தேய்க்காதீங்க, வெறுத்துரும்.) ஒரு வாரம் கழிச்சு போஸ்ட் அடியில பிறை மாதிரி துண்டு துண்டா கிடந்துச்சு, நகம் பிஞ்சிருச்சுன்னு பதறிட்டேன், பாத்தா உதிர்ந்த தோடு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ நுனிய மட்டும் வெட்டியும் விடுறேன், உள்ள தெரியுற ரோஸ் கலர தொடாம, அதுல ரத்த ஓட்டம் இருக்கு.

அந்த ஒரு ஸ்டார்? அடிப்பலகை போல்ட் மாசத்துக்கு ஒரு தடவ லூஸ் ஆகுது, நீங்களே முறுக்கணும், மறந்தா ஆட ஆரம்பிச்சிரும். கயிறோட கீழ் நுனி வெறும் பசைல ஒட்டியிருக்கு, ஆறாவது மாசம் பிரிஞ்சு வந்துச்சு, பூனை அத தின்னா ஆபத்து, வெட்டி எடுத்தேன்.

போன மாசம் நடுப்பகுதி பிஞ்சு பிஞ்சு தாடி மாதிரி தொங்குதேன்னு புதுசா இதே போஸ்ட் இன்னொண்ணு வாங்கி பழசக் கொண்டுபோய் மாடில போட்டேன். மறுநாள் காலைல மேடம் மறுபடி சோபால. அவ வாசனை பூரா பழசுல இல்ல இருக்கு! கனமான அந்த பலகைய திரும்ப படி எறக்கி கொண்டாந்து வச்சேன், இப்ப ஹால்ல ரெண்டு போஸ்ட் நிக்குது, புதுசுல இதுவரைக்கும் ஒரு கீறல் கூட இல்ல.