கர்ப்பப்பைக் கட்டிக்கு எந்தச் சிகிச்சை: ஓர் ஆலோசனைச் சேவை குறித்து

கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு எனும் புற்றுநோயல்லாத தசைக்கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்ததுமே, "பிள்ளைகள் பெற்றாகிவிட்டது, இனி எதற்கு, எடுத்துவிடலாம்" என்று சொல்லும் மருத்துவமனைகள் நம் ஊர்களில் உண்டு. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. என் அக்காவுக்கும் முதலில் அந்த யோசனைதான் சொல்லப்பட்டது. மறு கருத்துக் கேட்க, மகளிர் மருத்துவரும் ரத்தக்குழாய் வழிச் சிகிச்சை செய்யும் கதிரியக்க மருத்துவரும் சேர்ந்து ஆலோசனை தரும் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மதுரையில் சென்றோம்.

அங்கு எனக்கு மிகவும் பிடித்தது, கட்டியின் அளவை விட அது இருக்கும் இடத்தைப் பற்றி முதலில் பேசியதுதான். மருத்துவர் ஸ்கேன் அறிக்கையின் பின்பக்கத்தில் கர்ப்பப்பையை வரைந்து, உட்பக்கம் துருத்தும் கட்டியை வயிற்றைக் கிழிக்காமல் ஹிஸ்டரோஸ்கோப்பி (பிறப்புறுப்பு வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்துவது) வழியாகவே பெரும்பாலும் எடுக்க முடியும் என்றும், அக்காவுக்கு இருப்பதுபோல் தசைச்சுவருக்குள் இருக்கும் கட்டிக்கு வழிகள் வேறு என்றும் கோடிட்டுக் காட்டினார். தொந்தரவு தராத கட்டியைக் கவனித்துக்கொண்டிருந்தாலே போதும், மாதவிடாய் நின்ற பின் அது பெரும்பாலும் சுருங்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மருந்துகளின் எல்லையையும் விளக்கினார்: உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை கட்டியைக் கரைக்காது. கட்டியைச் சுருக்கும் ஹார்மோன் ஊசியை நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரும். எலும்பும் தேயும் என்பதால் அதைப் பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் தனியாகத் தருவதில்லை.

மயோமெக்டமிக்கும் எம்போலைசேஷனுக்கும் இடையிலான ஒப்பீட்டுக்குத்தான் அவர்கள் அதிக நேரம் ஒதுக்கினார்கள். முன்னதில் கட்டியை மட்டும் அகற்றுகிறார்கள். பின்னதில் தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, நுண்துகள்களால் கட்டிக்குச் செல்லும் ரத்தத்தை அடைக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்ட பிரிட்டனின் ஃபெம் ஆய்வில், இரண்டு ஆண்டுகள் கழித்து மயோமெக்டமி செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத்தரம் சற்று மேலாக இருந்தது. எம்போலைசேஷனை கர்ப்பப்பை நீக்கத்துடன் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்விலோ, பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் எம்போலைசேஷன் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் கர்ப்பப்பையை இழக்காமல் இருந்தார்கள். மீதமுள்ளவர்களுக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது என்பதையும் கதிரியக்க மருத்துவர் தாமாகவே எடுத்துச் சொன்னார். தம் சிகிச்சையின் குறையைத் தாமே சொல்லும் மருத்துவரை நான் நம்புவேன். குழந்தை வேண்டுவோருக்கு மயோமெக்டமியே பொதுவாகப் பொருத்தம் என்றார்.

கர்ப்பப்பையை முழுவதும் எடுத்துவிட்டால் கட்டி திரும்ப வராது என்பது உண்மை. அந்த நிம்மதிக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கும் பெண்களின் முடிவு மதிக்கத்தக்கது. ஆனால் சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப்போகிறார்களா, ஏன் என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டாக வேண்டும். லேப்பராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் அறுவை) கர்ப்பப்பையையோ கட்டியையோ துண்டாக்கி எடுப்பதானால், துண்டுகள் சிதறாதபடி தனிப் பை ஒன்றுக்குள் வைத்துத்தான் துண்டாக்குவார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அறியப்படாத புற்றுநோய் இருந்தால் துண்டாக்கும்போது அது பரவக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகள் ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2014இல் எச்சரித்தது.

அக்காவின் ஹீமோகுளோபின் குறைவாக இருந்ததால், எந்த முடிவுக்கும் அவசரப்படுத்தாமல் முதலில் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். சேவையில் குறை என்றால் கட்டண மதிப்பீடுதான்: எம்.ஆர்.ஐ. செலவு அதில் சேர்க்கப்படவில்லை, காப்பீட்டில் எது அடங்கும் என்பதற்கும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அங்கு செல்பவர்கள் இவ்விரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.